வேறெதுவும் கலக்கவில்லை

"சீல் கதவுக்குத்தானே வெச்சாங்க? என் காலுக்கும் சேத்து வெச்சுட்டுப் போயிட்டாங்களா?"

கட்டிலில் படுத்தபடியே மாமனார் கேட்டார். மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம்வரை காலையில் எழுந்ததும் தெருமுனைக்குக் கைவீசி நடந்துவிட்டு வந்த மனிதர், இன்று தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் கிடந்தார். கொடுத்த பால் கொடுத்த வேகத்தில் வெளியே வந்துவிட்டது. தண்ணீரும் அப்படியே.

"மனசு விட்டுட்டாரு. மருந்துக்கூடத்தைப் பூட்டினதுதான் காரணம்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். மருமகளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் அந்த வீட்டில் ஒரு கூத்து நடந்தது. பொய் லேபிள் ஒட்டி விற்கிற மருந்துகளை ஒழித்தே தீருவது என்று அரசாங்கம் வரிந்துகட்டிக்கொண்டு இறங்க, இவர்கள் வாசலுக்கும் வேன் வந்தது. மூட்டுவலிக்குப் பேர்போன 'நடைவேந்தன்' டானிக் பெட்டி பெட்டியாக வேனில் ஏறியது. கடைகளிலும் ஒரு பாட்டில் விடாமல் வழித்துக்கொண்டு போனார்கள். வந்த மருந்து ஆய்வாளர் ஒரு பெண்மணி. அவர் அதட்டவில்லை, மிரட்டவில்லை. எல்லோர் கண் முன்னாலும் டானிக்கைச் சமபங்காகப் பிரித்து, ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் நூல் சுற்றி அரக்கு வைத்து, ஒன்றை இவர்களிடமே கொடுத்தார்.

"எங்க ஆய்வகம் தப்பா சொல்லுதுன்னு நீங்க நெனச்சா, கோர்ட்ல இதைக் குடுத்து வேற இடத்துல சோதிக்கச் சொல்லலாம். ஆனா சீல் உடைஞ்சுதுன்னா அந்த உரிமை போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒற்றைப் பாட்டில் இப்போது பீரோவில், நகை வைக்கிற அறைக்குள் குடியேறியிருந்தது. "அதுதான் நம்ம உயிரு. யாரும் கை வைக்கக் கூடாது" என்று கணவன் கட்டளை போட்டுவிட்டு வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தான்.

மருமகளுக்கு அந்த டானிக் மேல் கணவனைவிட அதிக உரிமை உண்டு. விற்பனை கணவன் பொறுப்பு. காய்ச்சுவது அவன் தம்பி, வீட்டில் எல்லோருக்கும் சின்னவன். லேபிள் இவளுடையது. வாசகம் எழுதியது, வண்ணம் பார்த்தது, ஒட்டுகிற பெண்களோடு தானும் உட்கார்ந்து பசை தடவியது எல்லாம் இவள்தான். 'மூலிகைகள் மட்டுமே. வேறெதுவும் கலக்கவில்லை' என்ற வரி அவள் மூளையில் உதித்தது. அதைப் படித்துவிட்டுத்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

லேபிளில் மாமனாரின் படம் இருக்கும். முதலில் போட்ட படத்தில் ஒட்டிய கன்னமும் துருத்திய எலும்புமாக இருந்தார். பிறகு டானிக்கைத் தினமும் குடிக்கக் குடிக்க முகம் பௌர்ணமி மாதிரி உருண்டு திரண்டுவிட்டது. "இதைவிட விளம்பரம் வேணுமா?" என்று இவள்தான் புதுப் படம் எடுக்கச் சொல்லி, பழையதை எடுத்துவிட்டு உருண்டை முகத்தைப் போட்டாள். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

"மாமா, டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

"டாக்டர் எதுக்கும்மா? நம்ம மருந்து ஒரு மூடி குடுத்தா எழுந்து உட்காந்துடுவேன். அதைத்தான் மூட்டை கட்டிட்டாங்களே."

சொல்லி முடிப்பதற்குள் கண் சொருகியது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாகச் சில்லிட்டிருந்தது. துண்டு எடுப்பதற்காகப் பக்கத்து அறைக்கு ஓடியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பீரோ திறந்திருந்தது. சின்னவன் கையில் அந்தப் பாட்டில். கட்டைவிரல் நகம் அரக்கின் மேல்.

"தம்பி!"

கையும் களவுமாக மாட்டியவன் முகத்தில் ஈயாடவில்லை. பாட்டிலை மட்டும் விடவில்லை.

"என்ன பண்றே நீ? அதை உடைச்சா நம்ம பக்கம் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது. தெரியும்ல?"

"தெரியும் அண்ணி. அப்பாவுக்கு ஒரு மூடி குடுத்தாகணும்."

"தண்ணியே தங்கல, இது தங்குமா? இப்ப டானிக் குடிச்சு ஆகப்போறது என்ன?"

"நிறுத்தக் கூடாது அண்ணி. திடீர்னு நிறுத்தக் கூடாது."

"ஏன் நிறுத்தக் கூடாது? மூலிகைதானே?"

சின்னவன் எச்சிலை விழுங்கினான். 

"தம்பி, உன்னத்தான் கேக்கறேன். மூலிகைதானே?"

"ஒரு தூளும் போடுவேன்."

"என்ன தூள்?"

"ஸ்டீராய்டு" என்றான். ஊருக்கே கேட்டுவிடுமோ என்று பயந்தவன் போல அவ்வளவு மெதுவாகச் சொன்னான்.

அவள் பீரோவைப் பிடித்துக்கொண்டாள். அவன் பேச ஆரம்பித்தபின் நிறுத்தவில்லை.

"மூலிகையில ஒண்ணும் கேக்கல அண்ணி. அப்பா மாடிப்படியில பாதியில உட்காந்து அழுதாரு, நீங்க பாத்திருக்கீங்க. மொதல்ல அவரு பாட்டில்ல மட்டும்தான் போட்டேன். மறுநாளே எழுந்து நடந்தாரு. அந்த மூலிகையைக் கண்டுபிடிச்சதே தான்தான்னு அவருக்கு ஒரே சந்தோஷம். எப்படிச் சொல்றது?"

"அப்புறம்?"

"அப்புறம் எல்லாத்துலயும் போட்டாச்சு."

"நிறுத்தக் கூடாதுன்னு உனக்கு யார் சொன்னா?"

"தூள் வர்ற டப்பாவுலயே போட்டிருக்கு."

அதைக் கேட்டதும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த டப்பா செய்த எவனோ ஒருத்தன் தன் லேபிளில் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறான். இவள் மட்டும் இத்தனை காலம் பொய்யைப் பசை தடவி ஒட்டியிருக்கிறாள், அதுவும் பெருமையாக.

"உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு" என்றாள்.

சின்னவன் வாயைத் திறந்தான். என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டான்.

அவன் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கித் தன் பையில் போட்டாள். "வண்டியைக் கூப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"அங்க கேப்பாங்களே அண்ணி."

"கேக்கட்டும்."

"நான் ஜெயிலுக்குப் போகணும்."

அவள் அவனைப் பார்த்தாள். இவள் கல்யாணமாகி வந்தபோது அரைக்கால் சட்டையோடு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தவன்.  ஆனால் உள் அறையில் முனகல் கேட்டது.

"உங்கப்பாவைத் தூக்கு முதல்ல" என்றாள்.

வண்டியில் ஏறும்போது கணவனின் போன் வந்தது.

"ஆஸ்பத்திரி வேண்டாம். ஆயிரம் கேள்வி கேப்பாங்க, பத்திரிகைக்காரன் வந்து நிப்பான். நம்ம தெரு டாக்டரைக் காதும் காதும் வெச்ச மாதிரி கூட்டிட்டு வா, போதும்."

"மாமாவுக்குக் கண்ணு சொருகுதுங்க."

"ரெண்டு நாள்ல சரியாயிடும். சொன்னாக் கேளு. நான் வந்து பாத்துக்கறேன்."

பாவம், கலங்கிப் போயிருக்கிறார் என்று நினைத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் ஒல்லியான மனிதர். தூங்கிப் பல நாளாகியிருக்கும் போலத் தெரிந்தது. மாமனாரின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் காகிதமாக மெலிந்து அங்கங்கே கன்றிப் போயிருந்தது. முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"தினமும் என்ன மருந்து சாப்பிடறாரு?"

அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். டாக்டர் அரக்கு முத்திரையைப் பார்த்தார், லேபிளிலிருந்த உருண்டை முகத்தைப் பார்த்தார், கட்டிலில் கிடந்த அதே முகத்தைப் பார்த்தார்.

"இது நீங்க செய்யற மருந்தா?"

"ஆமாம்."

"மூலிகைகள் மட்டுமே, வேறெதுவும் கலக்கவில்லைன்னு போட்டிருக்கு. நெசமாவா?"

அவள் எழுதியதை அவளிடமே ஒருவர் படித்துக் காட்டினார். அவள் திரும்பிச் சின்னவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.  அவன் சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை. நர்ஸ் ஊசியும் கையுமாக டாக்டர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய் டாக்டர். ஸ்டீராய்டு கலந்திருக்கு."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலை என்று இருந்திருக்கும். நர்ஸிடம் மடமடவென்று ஏதோ சொன்னார். சலைன் ஏறியது, நரம்பில் ஊசி போட்டார்கள்.

"உடம்பு தானே சுரக்க வேண்டியதை வெளியிலேர்ந்து ஊத்திக்கிட்டே இருந்தீங்கன்னா, உடம்பு அந்த வேலையை விட்டுடும். திடீர்னு நீங்களும் நிறுத்தினா அதுக்கு என்ன பண்றதுன்னு தெரியாது. இன்னும் கொஞ்சம் தாமதமா வந்திருந்தா நான் ஒண்ணும் செய்திருக்க முடியாது" என்றார். பிறகு, "நீங்க சொன்னதை நான் எழுதியாகணும்" என்றார்.

"எழுதுங்க."

டாக்டர் நகரவில்லை. யோசனையில் நின்றவர் சட்டென்று அவளைப் பார்த்தார். "இந்த டானிக்கை எல்லா இடத்திலேயிருந்தும் எடுத்துட்டாங்களா?"

"போன வாரமே எடுத்துட்டாங்க."

"அப்படின்னா அந்தக் கடைசி பெட்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அவளும் பின்னால் போனாள். யாரும் கூப்பிடவில்லை. ஜன்னல் ஓரக் கட்டிலில் துணி தேய்க்கும் தொழில் செய்கிற ஒரு பெண்மணி சுருண்டு கிடந்தாள். வாழ்நாளெல்லாம் நின்றே வேலை பார்த்த கால்கள் வீங்கியிருந்தன. கண் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் டாக்டரைக் கண்டதும் எழுந்தாள். அவள் மடியில் காலி பாட்டில் ஒன்று இருந்தது. நடைவேந்தன்.

"எங்ககிட்ட இதைப் பத்தி ஏம்மா சொல்லல?" என்று டாக்டர் கேட்டார்.

"இது மருந்து இல்லீங்களே. வெறும் மூலிகைதான். வேறெதுவும் கலக்கலைன்னு எழுதியே இருக்கு, அதான் சொல்லல." மகள் மருமகள் பக்கம் திரும்பினாள். கூட வந்தவள் யாரென்று அவளுக்குத் தெரியாது. "எங்கம்மாவை நடக்க வெச்சதே இதுதாங்க. கவர்மென்ட்டுக்கு என்ன கேடு வந்துச்சோ, நல்ல மருந்தைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. கடையெல்லாம் தேடிட்டேன். கடைசியா காலி பாட்டில்ல தண்ணி ஊத்திக் கழுவிக் குடுத்தேன். அதுக்கும் எழுந்துக்கல. உங்களுக்கு எங்கயாவது கிடைக்கும்னு தெரியுமா அக்கா?"

மருமகள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்கத் தனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியதும் விட்டுவிட்டாள். 

நர்ஸ் இன்னொரு ஊசியோடு ஓடி வந்தாள்.

"இவங்க பொழச்சுடலாம். இப்பத்தான் காரணம் தெரிஞ்சிருக்கு" என்று டாக்டர் தணிந்த குரலில் சொன்னார். "ஆனா இந்த டானிக்கைக் குடிச்சவங்க ஊர் பூரா இருப்பாங்களே. ஒவ்வொருத்தரும் வீட்டுல படுத்துக்கிட்டு மனசு சரியில்லை, வயசாயிடுச்சுன்னு சொல்லிக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்கு யாரு சொல்றது?"

யார் சொல்வது என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. நர்ஸிடம் கேட்டு, போர்வைகள் அடுக்கி வைக்கும் சின்ன அறை ஒன்றுக்குச் சின்னவனை இழுத்துக்கொண்டு போனாள். ஆய்வாளர் கொடுத்துவிட்டுப் போன எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கணவனின் போன் முந்திக்கொண்டது.

"டாக்டர்கிட்ட ஒண்ணும் வாயத் திறக்கலையே?"

"திறந்துட்டேன்."

அந்தப் பக்கமிருந்து குரல் வேறாக வந்தது. "யாரைக் கேட்டு? வக்கீல் எப்படியாவது இழுத்துப் புடிச்சு வழி பண்ணி வெச்சிருக்காரு. நீ பாட்டுக்குப் போய் உளறிட்டு வந்திருக்கே! நான் கிளம்பிட்டேன். வர்ற வரைக்கும் வேற யார்கிட்டயும் பேசாதே. சின்னவன்கிட்ட போனைக் குடு."

நீட்டினாள். சின்னவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். வாங்கவே மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அண்ணன் திட்டுவானென்று பயப்படுகிறான் என எண்ணி அவளே இணைப்பைத் துண்டித்தாள்.

"தம்பி, நான் இப்ப அந்த ஆய்வாளரைக் கூப்பிடப் போறேன். உன் பேரையும் சொல்ல வேண்டி வரும். எனக்கு உன் மேல கோபம் இருக்கு, கொல்லலாம் போல இருக்கு. ஆனா உன்னைக் காட்டிக் குடுக்கறதுக்காக இதைப் பண்ணல. புரியுதா?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தான்.

ஆய்வாளர் முதலில் நம்பவில்லை. "ஆய்வகத்திலேர்ந்து இன்னும் முடிவே வரலையே. நீங்களா சொல்றீங்களா?" என்றார்.

"முடிவு வர்ற வரைக்கும் ஆளுங்க இருக்க மாட்டாங்கம்மா." மாமனாரைப் பற்றிச் சொன்னாள். துணி தேய்க்கும் பெண்மணியைப் பற்றியும் சொன்னாள். காலி பாட்டிலைக் கழுவிக் கொடுத்ததையும் சொன்னாள்.

"நாங்க ஒரு பாட்டில் விடாம அள்ளிட்டு வந்தோமே" என்றார் ஆய்வாளர். குரலில் இருந்த அதிகாரம் இறங்கிவிட்டது. "வெறும் மூலிகைத் தண்ணியைப் பெருசா சொல்லி விக்கறாங்கன்னு நெனச்சுத்தான் ஒரு எச்சரிக்கைகூடக் குடுக்காம எடுத்தோம்." உடனே சுதாரித்துக்கொண்டார். "இருங்க. இன்னைக்கே டிவியில, ரேடியோவுல சொல்ல வெக்கிறேன். எல்லா ஆஸ்பத்திரிக்கும் தகவல் போகணும். ஆனா மொட்டையா ஸ்டீராய்டுன்னு சொன்னா டாக்டருங்க என்ன பண்ணுவாங்க? என்ன தூள், ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு?"

அவளுக்குத் தெரியாது. லேபிளில் எழுதிய ஒவ்வொரு மூலிகையின் பெயரும் மனப்பாடம். எழுதாததைப் பற்றி எதுவும் தெரியாது. போனைக் காதில் வைத்தபடி விழித்தாள்.

"குடுங்க அண்ணி" என்று சின்னவன் கையை நீட்டினான்.   "அம்மா, காய்ச்சுறது நான்தான். கலந்ததும் நான்தான். எழுதிக்குங்க."

தூளின் பெயரைச் சொன்னான். அளவைச் சொன்னான். எப்போது அளவைக் கூட்டினான், அந்தப் பாட்டில்கள் எந்தப் பக்கத்துக் கடைகளுக்குப் போயின என்பதெல்லாம் கேட்கக் கேட்கச் சொன்னான். டாக்டரும் வாசலில் வந்து நின்று அளவைக் கேட்டுக்கொண்டு கட்டிலை நோக்கி ஓடினார். அவளுக்கு அவன் மேல் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. அதோடு ஒரு மரியாதையும் வந்து சேர்ந்துகொண்டது.

ஆய்வாளரின் கடைசிக் கேள்வி அவளுக்கும் கேட்டது. "இந்தத் தூள் டாக்டர் சீட்டு இல்லாம எங்கயும் கிடைக்காதே. உங்களுக்கு வாங்கிக் குடுத்தது யாரு? எல்லாத்துலயும் கலக்கச் சொன்னது யாரு? அந்த ஆளைப் பிடிச்சாத்தான் வேற எந்தெந்த மருந்துக்குப் போயிருக்குன்னு தெரியும்."

சின்னவன் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தான். காலையிலிருந்து அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"அண்ணி, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்களேன்."

"ஏன்?" என்றாள் சாதாரணமாக.

 அவளுக்கு மெல்லத்தான் உறைத்தது. தன் பெயரை அவள் எதிரிலேயே சொல்லி, ஜெயிலுக்கும் தயாராகிவிட்டான். இனி அவள் காதில் விழக் கூடாது என்று அவன் நினைக்கிற பெயர் உலகத்தில் ஒன்றுதான் இருக்க முடியும். ஆஸ்பத்திரி வேண்டாம் என்ற குரல். ரெண்டு நாளில் சரியாயிடும் என்ற குரல். சின்னவன்கிட்ட போனைக் குடு என்ற குரல். எழுதும்மா, வேறெதுவும் கலக்கவில்லைன்னு கொட்டை எழுத்துல எழுது என்று பக்கத்தில் உட்கார்ந்து உற்சாகப்படுத்திய குரலும் அதுதான்.

 உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. வெளியே நடைபாதையில், "எங்க வீட்டு ஆளுங்க எந்தப் பக்கம்?" என்று கணவன் யாரிடமோ இரைந்து கேட்பது காதில் விழுந்தது. செருப்புச் சத்தம் இந்த அறையை நோக்கி வந்தது.

அவள் கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டாள். கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"நான் எங்கயும் போகல தம்பி. எனக்கும் கேக்கிற மாதிரியே சொல்லு."